முப்பதடி அகலம்

கிராம்ஃபோர்டு மில்லுக்குள் நுழைந்ததும் அப்பா நேராகக் கட்டடத்தின் ஒரு முனைக்குப் போனார். குறுக்குவாட்டில் காலடி வைத்து அளந்தார். திரும்பி வந்து கேட்டார்: “ஏங்கண்ணு, இத்தன ஒடுக்கமாவா மில்லு கட்டுவாங்க?”

நான் இங்கிலாந்தின் டெர்பியில் குடியேறி ஒன்பது வருடம் ஆகிறது. அம்மா போன பிறகு அப்பா மூன்று மாதம் எங்களோடு இருக்க வந்திருந்தார். கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 32 வருடம் சைடராக, அதாவது நூல் நூற்கும் ரிங் ஃபிரேமைக் கவனித்து அறுந்த நூலை ஒட்டுகிறவராக நின்றவர். லண்டன், அரண்மனை எல்லாம் காட்டினேன், மரியாதைக்குப் பார்த்தார். டெர்பியிலிருந்து அரை மணி நேர ரயில் தூரத்தில், உலகத்துக்கே மாதிரியாக அமைந்த பஞ்சாலை ஒன்று இருக்கிறது என்றேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னால் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் வேலை பார்த்த ஷெட்டில் ஒரு முனையில் நின்றால் மறுமுனை ஆள் பொம்மை மாதிரித் தெரிவானாம். இங்கே சுமார் முப்பதடி அகலம்தான். அந்தக் காலத்துப் பஞ்சாலைகள் பலவும் ஏறக்குறைய இந்த அளவே. காரணம் சூரியன். ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம் பத்துப் பதினைந்து அடி உள்ளே போவதற்குள் மங்கிவிடும். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்தால், இரண்டு வெளிச்சமும் நடுவில் தொட்டுக்கொள்ளும் தூரம்தான் கட்டடத்தின் அகலம். அதற்கு மேல் போனால் நடுவில் நிற்பவருக்கு அறுந்த நூல் கண்ணில் படாது.

ஒடுக்கமாகிவிட்டது, இடம் வேண்டும். அப்புறம் மேலேதான் போக வேண்டும். அதற்கும் யந்திரம்தான் கணக்குச் சொன்னது. கீழே ஓடைத் தண்ணீரில் சக்கரம் சுற்றும். அதிலிருந்து ஒரு செங்குத்துத் தண்டு மாடிகளைத் துளைத்து ஏறும். ஒவ்வொரு மாடியிலும் பல்சக்கரம் வழியாகப் படுக்கைத் தண்டுகள் பிரிந்து, உத்தரத்துக்குக் கீழே நீளமாக ஓடி, வார்ப்பட்டை மாட்டி யந்திரங்களைச் சுழற்றும். தண்டு நீளமாக ஆக ஆக முறுக்கு விழும், சக்தி வீணாகும். ஆகவே ஒரே தளத்தில் நீட்டிக்கொண்டே போக முடியாது. மாடி மேல் மாடியாக அடுக்க வேண்டும். கிராம்ஃபோர்டின் முதல் மில் ஐந்து மாடி. மேல் இரண்டும் பிற்பாடு தீயில் போய்விட்டன.

“அப்போ ஆளுக்குன்னு எதுவும் அளந்து கட்டல” என்றார் அப்பா. அந்த வாக்கியத்தோடுதான் அன்று முழுவதும் நான் நடந்தேன். இதை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

இதைக் கட்டிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1732இல் பிரெஸ்டனில் பிறந்தவர். முடி வெட்டுகிறவர், டோப்பா செய்கிறவர். 1769இல் நூற்பு யந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்பு நூல் நூற்பது வீட்டு வேலை. பெண்கள் சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே ராட்டை சுற்றுவார்கள், ஆண்கள் தறி நெய்வார்கள். ஹார்கிரீவ்ஸ் என்பவரின் ஜென்னி என்ற நூற்பு யந்திரம் பல கதிர்களில் நூற்றது, ஆனால் அதன் ஆரம்பகாலச் சிறு வடிவங்கள் ஒரு வீட்டு அறைக்குள் அடங்கின, கையால் சுற்றின. ஆர்க்ரைட்டின் யந்திரம் வீட்டுக்குள் வர மறுத்தது. அதற்குத் தண்ணீர் வேண்டும், தண்டு வேண்டும், கூரை வேண்டும். வேலை வீட்டை விட்டு வெளியேறியது அங்கேதான்.

1771இல் கிராம்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே ஈயச் சுரங்கங்களிலிருந்து நீர் வடிவதற்கு வெட்டிய கால்வாய் ஒன்று உண்டு. பூமிக்குள்ளிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் சற்று வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. ஊரே பனியில் முடங்கினாலும் மில் நிற்காது. இப்போதும் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. அப்பா குனிந்து கையை நனைத்துப் பார்த்தார்.

சாலைப் பக்கம் போனால் மில்லின் கீழ்ப்பகுதி ஜன்னலே இல்லாத கற்சுவராக நிற்கிறது. கோட்டை மாதிரி. வெளிச்சத்துக்காக ஒடுக்கமாகக் கட்டியவர், இந்தப் பக்கம் வெளிச்சத்தை வேண்டாம் என்றதற்குப் பயம்தான் காரணம். ஆர்க்ரைட்டுக்கு லங்காஷயரில் பர்க்கேக்கர் என்ற இடத்தில் இன்னொரு மில் இருந்தது. 1779 அக்டோபரில், யந்திரங்களால் பிழைப்புப் போன மக்கள் கூட்டமாக வந்து அதை அடித்து நொறுக்கினார்கள். பஞ்சாலை எல்லோருக்கும் வேலை கொடுக்க வந்தது என்று சொல்கிற புத்தகங்களை விட, அந்தச் சுவரை நான் அதிகம் நம்புகிறேன்.

மில்லுக்கு மேலே ஊருக்குள் நார்த் ஸ்ட்ரீட் என்று ஒரு தெரு. 1776இல் ஆர்க்ரைட் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வரிசை வீடுகள். அப்பா பார்த்த மாத்திரத்தில் “லைன் வீடு” என்றார். மூன்று மாடி வீடுகள். மேல்மாடியில் மட்டும் நீளமான ஜன்னல்: அங்கே அப்பன் உட்கார்ந்து தறி நெய்ய வேண்டும். மனைவியும் பிள்ளைகளும் கீழே மில்லுக்குப் போக வேண்டும். பெரிய குடும்பம் உள்ள நெசவாளர்கள் தேவை என்றுதான் ஆர்க்ரைட் விளம்பரமே செய்தார். அவருக்குத் தேவைப்பட்டது நெசவாளரின் கை மட்டும் இல்லை, அவர் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்கிற எண்ணிக்கையும்தான்.

1790இல் அந்தப் பக்கம் வந்த ஜான் பிங் என்ற பயணி, மாலை ஏழு மணிக்கு மில்லிலிருந்து இளவயதுக் கூட்டம் வெளியே வந்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அவர்கள் வெளியேறியதும் இரவு ஆட்கள் உள்ளே போனார்களாம். மில் நிற்பதே இல்லை. அதற்குச் சில வருடங்களுக்கு முன்பே ஜோசப் ரைட் என்ற டெர்பி ஓவியர் இதே மில்லை இரவில் வரைந்திருக்கிறார். நிலா, இருண்ட மலைகள், நடுவே வரிசை வரிசையாக எரியும் ஜன்னல்கள். பார்க்க அவ்வளவு அழகு. அந்த ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு மெழுகுவத்தியும், தூக்கத்தோடு நிற்கிற யாரோ ஒருவரும் இருந்தார்கள். அந்தப் படத்தின் அச்சைக் காட்டியபோது அப்பா கேட்டார்: “நைட் ஷிப்டு இங்கிருந்துதான் வந்துதா?”

மெழுகுவத்தி என்றதும் அவர் நெற்றியைச் சுருக்கினார். பஞ்சாலைக்காரருக்குத் தீ என்றால் என்ன என்று தெரியும். பஞ்சுப் பொதியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் ஒரு சிறு பொறி போதும். பறக்கும் பஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் எல்லா இடத்திலும் படிந்திருக்கும். எரிய ஆரம்பித்தால் தீ தரையில் ஓடாது, காற்றில் ஓடும் என்பார். அந்த ஆரம்பகால மில்களில் தூண் மரம், உத்தரம் மரம், தளம் மரம். அதன் மேல் யந்திரங்களிலிருந்து சொட்டி ஊறிய எண்ணெய். அப்புறம் பஞ்சு. அப்புறம் மெழுகுவத்தி. எரியாமல் எப்படி இருக்கும்?

எரிந்துகொண்டே இருந்தன. முதலாளிகள் தூங்க முடியாமல் தவித்தார்கள். டெர்பியில் வில்லியம் ஸ்ட்ரட் 1792 – 93இல் ஒரு மில் கட்டினார்: வார்ப்பு இரும்புத் தூண்கள், நடுவே செங்கல் வளைவுகள், மர உத்தரங்களுக்கு மேல் சாந்துப் பூச்சு. பாதிக் கிணறு தாண்டிய கதை. லீட்ஸில் ஜான் மார்ஷல் என்ற ஆளிநார் ஆலை முதலாளியின் மில் 1796இல் எரிந்தது. அடுத்த வருடமே ஷ்ரூஸ்பரி பக்கம் டிதரிங்டனில் அவரும் கூட்டாளிகளும் கட்டிய புதிய மில்லில் தூணும் இரும்பு, உத்தரமும் இரும்பு. வடிவமைத்தவர் சார்லஸ் பேஜ். மது வியாபாரி, நில அளவையாளர்; இரும்பு எவ்வளவு சுமை தாங்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர். உலகில் முழுக்க இரும்புச் சட்டத்தில் நின்ற முதல் கட்டடம் அதுதான். இன்றைய வானளாவிகளின் பாட்டன் என்பார்கள். நம்மூர்ப் பழைய ரயில்வே கட்டடங்களில் இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு பார்த்திருப்பீர்கள் இல்லையா, அது இந்த வழியில் வந்ததுதான்.

டிதரிங்டனுக்கு நான் தனியாகப் போயிருக்கிறேன். பல வருடம் பாழடைந்து கிடந்ததைச் சீர்செய்து 2022இல் திறந்தார்கள். உள்ளே நிற்கும்போது அந்தத் தூண்களின் ஒல்லியான உடம்பு என்னை அசத்தியது. சிலுவை வடிவக் குறுக்குவெட்டு, நடுவில் லேசாகப் பெருத்து இரண்டு முனையிலும் சிறுத்து, ஏதோ பயிர்த்தண்டு மாதிரி. இத்தனை மெல்லிய இரும்பு இருநூறு வருடமாக ஐந்து மாடியைத் தாங்குகிறது. கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தூண்கள் பிறந்தது யந்திரமும் சரக்கும் எரிந்துவிடக் கூடாது என்ற கவலையில். உள்ளே நின்றவர்களின் உயிர் அதனால் கூடவே காப்பாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

இரும்புச் சட்டம் வந்ததும் தளங்களை அகலமாக்க முடிந்தது. குரோம்ப்டன் என்பவரின் மியூல் என்ற நூற்பு யந்திரத்துக்கு அந்த அகலமும் தேவைப்பட்டது. நூற்றுக்கணக்கான கதிர்கள் ஏறிய அதன் நீண்ட வண்டி முன்னும் பின்னும் ஓட வேண்டும். கீழே விழும் பஞ்சைப் பொறுக்க, ஓடும் வண்டிக்கு அடியில் சின்னப் பிள்ளைகள் தவழ்ந்து போய்வந்தார்கள். அகலமானதும் நடுவில் இருட்டு. அதற்கும் வழி வந்தது: சால்ஃபோர்டில் பிலிப்ஸ் அண்ட் லீ மில்லில் 1805 – 06 வாக்கில் வில்லியம் மர்டாக் காஸ் விளக்கு ஏற்றினார். மெழுகுவத்தியை விட மலிவு. குளிர்காலத்தில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அதற்கு மேல் வேலை வாங்குவது அதுவரை செலவும் ஆபத்தும் பிடித்த காரியம். காஸ் வந்ததும் அந்தக் கணக்கு மாறியது.

அடுத்த வாரம் மான்செஸ்டர் பக்கம் ஸ்டையலில் உள்ள குவாரி பேங்க் மில்லுக்குப் போனோம். 1784இல் சாமுவேல் கிரெக் கட்டியது. அங்கே பழைய யந்திரங்களை ஓட்டிக் காட்டுகிறார்கள். தறி கிளம்பியதும் கூட வந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். அப்பா மட்டும் முகம் மலர்ந்து என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தமே இல்லாமல், உதடு மட்டும் அகலமாக அசைந்தது. எனக்குப் புரிந்தது. சின்ன வயதிலிருந்து வீட்டில் பார்த்த அசைவுதான். பந்தியில் அம்மாவிடம் உப்புக் கேட்பதும், கல்யாண வீட்டில் ‘கிளம்பலாம்’ என்பதும் அப்படித்தான். லங்காஷயரில் நெசவுப் பெண்களிடையே இந்தப் பேச்சுக்கு மீ-மா என்று பெயரே இருந்தது. அவர் சொன்னது இதைத்தான்: “ரெண்டு தறிதான் ஓடுது. ஐந்நூறு ஓடினா?”

மில்லுக்குச் சற்றுத் தள்ளி அப்ரெண்டிஸ் ஹவுஸ். ஏழைகள் விடுதிகளிலிருந்து ஒப்பந்தம் போட்டுக் கொண்டுவந்த சுமார் 90 பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தார்கள். அவர்களில் தாமஸ் பிரீஸ்ட்லி என்ற பையன் 1806இல் இன்னொரு பையனோடு ஓடிப்போய் லண்டன் சேர்ந்தான். நீதிபதிகள் முன்னால் அவன் கொடுத்த வாக்குமூலம் இருக்கிறது. அப்போது வயது 13. கோடையும் குளிரும் ஒன்றுதான், காலை 6 முதல் இரவு 7 வரை வேலை என்கிறான். யந்திரச் சக்கரம் ஒன்று அவன் இடது கை ஆள்காட்டி விரலைப் பிய்த்துவிட்டது. குணமாக ஆறு வாரம். அப்புறம் அவன் கிளம்பியது அம்மாவைப் பார்க்க.

இதை நான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா நடுவில் கேட்டார்: “கவர் இல்லியா?”

பல்சக்கரத்துக்கு மூடி. இல்லை. 1802இலேயே ஒரு சட்டம் வந்திருந்தது: அப்ரெண்டிஸ் பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மில் சுவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு முறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும், காற்று வர ஜன்னல் வேண்டும். மனிதனுக்காகக் கட்டடத்தைப் பற்றிச் சட்டம் பேசியது அதில்தான். ஆனால் பார்க்க ஆள் இல்லாததால் பெரும்பாலும் காகிதத்தில் தூங்கியது. 1833 சட்டம் ஒன்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பஞ்சாலைக்குள் விடக் கூடாது என்றது. நாடு முழுவதுக்கும் நான்கே இன்ஸ்பெக்டர்கள். யந்திரத்துக்கு வேலி போடு, ஓடும்போது பிள்ளைகளைத் துடைக்க விடாதே என்று 1844இல்தான் சொன்னார்கள். பிரீஸ்ட்லியின் விரல் போய் ஏறக்குறைய நாற்பது வருடம் கழித்து.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் மில்லைப் பற்றி ஒன்று சொன்னார். நான் அதுவரை கேட்டதில்லை. அவர்கள் யந்திரங்களுக்குக் கவர் இருந்தது. நிறுத்தித் துடைத்தால் உற்பத்தி குறையும் என்று கவரைத் திறந்துவைத்தே ஓட்டச் சொல்வார்களாம். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் மூடுவார்களாம். அவரோடு ஒரே நாளில் சேர்ந்த ஒருவருக்கு இரண்டு விரல் போனது அப்படித்தான். “கல்யாணத்துக்கு மாப்பிள்ளையா வந்தப்போ கைக்குட்டைல சுத்தி வச்சிருந்தான்” என்றார். சொல்லிவிட்டுத் தன் பத்து விரலையும் ஒரு முறை விரித்துப் பார்த்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது ஓல்டம் என்ற ஊர்ப் பெயர்ப் பலகை வந்தது. அப்பா சீட்டில் நிமிர்ந்தார். அந்தப் பெயரை அவருக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்தபோது பழைய யந்திரங்களின் இரும்புச் சட்டத்தில் வார்த்திருந்த எழுத்து: பிளாட் பிரதர்ஸ், ஓல்டம். லங்காஷயர் தன் யந்திரங்களை உலகத்துக்கே கப்பலேற்றியது. கூடவே கட்டடத்தின் திட்டத்தையும். நெசவுக்கு அதிர்வு தாங்கும் ஒற்றைத் தளம், மேலே ரம்பப் பல் கூரை, நேர் வெயில் விழாமல் வடக்கு வெளிச்சம் மட்டும் வருமாறு சாய்த்த கண்ணாடி. அதே கூரை பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் ஏறியது. 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில்லோடு கோவையின் பஞ்சாலைக் காலம் ஆரம்பம்; 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு வேகமாகப் பெருகின. கூடவே சண்டையும் வந்தது. 1918 ஏப்ரல் 27இல் பெரம்பூரில், பக்கிங்காம் – கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. சங்கத் தலைவர் வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களில் நிமிடக் கணக்குதான் பேச்சு.

நிமிடம் என்றதும் டெர்பி பட்டு மில் நினைவுக்கு வருகிறது. என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். லோம்ப் சகோதரர்கள் 1721இல் கட்டி முடித்தது. ஆர்க்ரைட்டுக்கு ஐம்பது வருடம் முந்தியது. இப்போது அருங்காட்சியகம். வில்லியம் ஹட்டன் என்ற பையன் 1730இல் ஏழு வயதில் அங்கே சேர்ந்தான். யந்திரம் எட்டவில்லை. யந்திரத்தைத் தாழ்த்தவில்லை, அவன் காலில் உயரமான மரக்கட்டைகளைக் கட்டிவிட்டார்கள். பெரியவனான பிறகு அவரே எழுதிய இன்னொரு சம்பவம் உண்டு. 1731 கிறிஸ்துமஸ் சமயம். தெரு முழுக்க உறைபனி. விழித்துப் பார்த்தால் வெளிச்சம். நேரமாகிவிட்டது, அடி விழும் என்று அழுதுகொண்டே அப்பாவிடம் மணி கேட்டான். ஆறு இருக்கும் என்றார். ஓடினான். இருநூறு கஜம்கூட இல்லாத தூரத்துக்குள் ஒன்பது முறை வழுக்கி விழுந்தான். மில் பக்கம் போய்ப் பார்த்தால் ஒரு விளக்கும் இல்லை. பனியின் வெண்மையை விடியல் என்று நினைத்திருக்கிறான். வீட்டுக்குத் திரும்பும்போது மணி அடித்தது: இரண்டு.

அந்தத் தெருவில்தான் நான் அப்பாவோடு மாலை நடப்பேன். ஃபுல் ஸ்ட்ரீட் என்று பலகை இன்னும் இருக்கிறது. வீட்டில் கடிகாரம் இல்லாத ஒரு பிள்ளையின் தூக்கத்துக்குள் மில் கடிகாரம் நுழைந்த இடம்.

கடிகாரம் மில்காரரிடம் இருந்தது, நேரம் என்ன என்று சொல்லும் உரிமையும் அவரிடமே இருந்தது. காலையில் முள்ளை முன்னால் தள்ளுவதும் மாலையில் பின்னால் தள்ளுவதும் சாதாரணம் என்று பழைய தொழிலாளர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். மாக்ல்ஸ்ஃபீல்டில் ஒரு பட்டு மில்லில் 1810 வாக்கில் இரண்டு முகம் கொண்ட கடிகாரம் இருந்தது. ஒரு முகத்தில் உண்மையான நேரம். இன்னொன்று தண்ணீர்ச் சக்கரத்தோடு பிணைந்த மில் நேரம். ஆற்றில் தண்ணீர் குறைந்து சக்கரம் மெதுவானால் மில் நேரமும் மெதுவாகும். உண்மையில் மணி ஏழானாலும் மில் நேரம் ஏழைத் தொடும்வரை வேலை. 1844 சட்டத்தில் ஒரு வரி வருகிறது: மில் நேரம் இனி ஒரு பொதுக் கடிகாரத்தின்படி இருக்க வேண்டும், உதாரணமாகப் பக்கத்து ரயில்வே கடிகாரம். ஏதோ சில்லறை விதி போலத் தெரியும். அந்த ஒரு வரிக்காகவே அந்தச் சட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

அந்த இரட்டைக் கடிகாரத்தின் படத்தை போனில் காட்டினேன். அப்பா விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் இடது கையை நீட்டினார். எச்.எம்.டி. வாட்ச், சாவி கொடுக்கிற வகை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அது அந்தக் கையில் இருக்கிறது.

“இது எதுக்கு வாங்கினேன்னு தெரியுமா? முதல் போனஸ்ல வாங்கினது. கேட்டுல இருந்த கடிகாரம் காலைல அஞ்சு நிமிஷம் முந்தி ஓடும். சங்கு ஊதியாச்சு, கேட்டைச் சாத்தியாச்சுன்னு அரை நாள் சம்பளம் போயிரும். இத ரேடியோ நியூஸுக்கு வச்சு, ஸ்டேஷன் கடிகாரத்துல சரிபார்த்து, கேட்டுல இருந்தவங்ககிட்டக் காட்டினேன்.”

“என்னங்கப்பா சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மறுநாள்ல இருந்து நாலு பேரு வாட்ச் கட்டிட்டு வந்தாங்க.”

பேசிக்கொண்டே அதற்குச் சாவி கொடுத்தார். இங்கே வந்து இரண்டு மாதமாகியும் அவர் அதை மாற்றி வைக்கவில்லை. எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் மாலை நாலரை. அவர் கையில் ஒன்பது.

“நைட் ஷிப்டுக்காரங்க சோறு கட்டற நேரம்” என்றார்.